அலைக்கு அந்தப் பக்கம்

1

எங்கள் வார்டில் ஒரு முதியவர் படுத்திருந்தார். இளம் வயதில் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர். ஒரு நாள் காலை அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் சொந்த ஊர் எது என்று கேட்டார். சென்னை என்றேன். அவர் விடவில்லை. கடற்கரையில் வீடு, அப்பா மீன் பிடித்தவர், அம்மா மீன் விற்றவள், அண்ணன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியானால் நீங்கள் மீன் மாதிரி நீந்துவீர்கள்!"

"ஆமாம்" என்றேன்.

ஜெர்மனிக்கு வந்த இருபத்து மூன்று வருடங்களாக இந்தப் பொய்யைச் சொல்லிவருகிறேன். அன்று மட்டும் ஏனோ அது உறுத்தியது. எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை.

இந்தப் பொய்யால் ஒருமுறை அகப்பட்டும் இருக்கிறேன். மகள் ரீனா மூன்றாம் வகுப்பு படித்தபோது நீச்சல் வகுப்புக்குத் துணையாக வரும் பெற்றோர் தேவை என்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. 'நீந்தத் தெரியும்' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன். மீனவர் வீட்டுப் பெண், இல்லை என்று எப்படி எழுதுவது? சும்மா கரையில் நின்று துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை என்று நினைத்திருந்தேன். அங்கே போனால் ஆசிரியை என்னை ஆழமான பக்கம் இறங்கி நிற்கச் சொன்னார். ஏணியில் இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் உறைந்துவிட்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தண்ணீருக்குள் இருந்த இருபது குழந்தைகளும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ரீனாவும் ஒருத்தி.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ பொய் சொல்லியிருக்கே, மாமா" என்றாள், ஜெர்மன் மொழியில். இங்கே அம்மாவுக்கு மாமா என்றுதான் பெயர். அதன் பிறகு பள்ளி விஷயம் எதற்கும் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

2

ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம், பட்டினப்பாக்கத்தில் பிறந்துவிட்டு எப்படி நீச்சல் தெரியாமல் போகும் என்று. பட்டினப்பாக்கத்துப் பெண்கள் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் எண்பது அடி தூரம். அண்ணன் அருள்தாஸ் ஐந்து வயதில் அலைக்குள் குதித்தார், ஏழு வயதில் கட்டுமரத்தில் ஏறினார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. எனக்கு மட்டும் அம்மாவின் குரல் பின்னாலேயே வரும்.

"ஏய் ஸ்டெல்லா! பாவாட நனஞ்சுது, கால ஒடச்சிடுவேன்."

"அண்ணன் மட்டும் போவுது?"

"அவன் ஆம்பள. நாளைக்குக் கடல்ல பொயப்பு கீது அவனுக்கு. உனுக்கு இன்னா கீது அங்க?"

அம்மா கெட்டவள் அல்ல. விடிவதற்கு முன் எழுந்து, கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, அலுமினியக் குண்டானில் அடுக்கிக்கொண்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பேருந்தில் போவாள். மீன்கூடைக்காரி என்று நடத்துனர்கள் கதவருகிலேயே நிறுத்திவைப்பார்கள். அப்படி நின்றுகொண்டே போய் விற்றுத்தான் என்னை நர்சிங் படிக்கவைத்தாள். நான் கடலை மறந்து வேறு எங்காவது போய்விட வேண்டும் என்பதுதான் அவள் விருப்பம். போனேன். அவள் நினைத்ததைவிடத் தூரமாகவே போய்விட்டேன்.

வந்த புதிதில் மொழி என்னை நன்றாகவே பழிவாங்கியது. ஒருமுறை சக செவிலி வீட்டு விருந்தில் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பதை அப்படியே ஜெர்மனில் மாற்றி, "நான் நிறைந்திருக்கிறேன்" என்றேன். மேசையே சிரித்தது. இங்கே அதற்கு, 'எனக்குப் போதை தலைக்கேறிவிட்டது' என்று அர்த்தமாம். மறுநாள் வார்டு முழுக்க இதே பேச்சு. அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்தாள் என்பதால் எனக்கும் அது சிரிப்பாகிவிட்டது.

3

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா இறந்துபோனாள். நான் போகவில்லை.

போக முடியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையும்கூட. என் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தேன். சீட்டு மாறினால் இங்கே குடியிருப்பு அட்டையும் மாற வேண்டும். பழைய அட்டை காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை. இடையில் வெளிநாடு போய்த் திரும்ப ஒரு தற்காலிகத் தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு நேரம் குறிக்க வேண்டும். நேரம் குறிக்கும் இணையப் பக்கத்தில் ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைதான் காலியாக இருந்தது. நேரில் போய்க் கெஞ்சினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றாள். பிறகு, "மரணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டாள். அம்மாவை இன்னும் வீட்டிலிருந்தே எடுக்கவில்லை.

அடக்கத்தைப் போனில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த அண்ணன் மகனின் கை ஆடிக்கொண்டே இருந்தது. பாதி நேரம் தெரிந்தது மணலும் யாருடைய செருப்புகளும்தான்.

அதே வருடம் ரீனா படிக்க வடக்கே போய்விட்டாள். வாரம் ஒரு செய்தி, ஜெர்மனில், இரண்டு வரி. அதே வருடம் என் மாதவிலக்கும் நின்றது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். பனி பெய்யும் நாளில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். கணவர் ஆல்பர்ட் போர்வையை இழுத்துச் சுற்றிக்கொள்வார். கிடங்கில் வேலை, அவருக்கும் அலுப்பு. வேலைக்குப் போவது, வருவது, சமைப்பது, தூங்க முயற்சிப்பது. எனக்காக இனி எதுவும் நடக்கப்போவதில்லை என்ற எண்ணம் எப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. நோயாளிகளிடம் இதைக் கண்டால் மருத்துவரிடம் சொல்லியிருப்பேன்.

கப்பல்காரக் கிழவரிடம் பொய் சொன்னது இந்தக் காலத்தில்தான். மறுநாள் அவர் வீடு திரும்பினார். போகும்போது, "எனக்காக ஒருமுறை நீந்துங்கள் சிஸ்டர், என் மூட்டுகள் இனி விடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து நேரே நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய், பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் பெயர் கொடுத்தேன். எனக்கு ஐம்பது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

4

செவ்வாய்க்கிழமை மாலைகளில் வகுப்பு. ஆறு பெண்கள். கற்றுக்கொடுத்தவள் யானா, இருபத்து நான்கு வயது. முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை வைக்கச் சொன்னாள். எனக்கு அதற்கே மூன்று வாரம் பிடித்தது.

நுரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது எப்படியோ வந்துவிட்டது. பலகையை விடுவதுதான் வரவில்லை. 'விட்டுவிடு' என்பதற்கு அவர்கள் சொல்வதில் 'லோஸ்' என்று ஒரு பகுதி வரும். 'புறப்படு' என்பதற்கும் 'லோஸ்'தான். காதில் தண்ணீர் புகுந்திருந்த எனக்கு அந்தப் பாதிதான் கேட்கும். யானா விடு விடு என்று கத்துவாள். நான் புறப்படச் சொல்கிறாள் என்று பலகையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உதைப்பேன். குளத்தின் மறுகோடிக்கே போய்விட்டேன் ஒருநாள். அவள் கரையோரமாக ஓடிவந்து, குனிந்து உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து பிரித்தாள். நானும் இதே மாதிரிதான் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் நோயாளிகளின் விரல்களைப் பிரிப்பேன்.

"தண்ணீர் உங்களைத் தாங்கும், ஸ்டெல்லா. நீங்கள் அதைத் தாங்க வேண்டாம்."

ஐந்தாவது மாதம் மல்லாந்து மிதந்தேன். கூரையின் விளக்குகள் தெரிந்தன, என் மூச்சு எனக்கே கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது. எழுந்து நின்றபோது வகுப்பு கைதட்டியது. எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். இந்தக் குளோரின் வாசனைக்குப் பதிலாக உப்பு வாசனை வர வேண்டும். இந்த மஞ்சள் விளக்குக்குப் பதிலாக வானம் வேண்டும். எண்பது அடி தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு வளர்ந்தவள், ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, கூரைக்குக் கீழே மிதந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆல்பர்ட்டிடம், "அம்மாவின் வருட நினைவுப் பூசைக்கு நான் போகிறேன். இந்தத் தடவை எந்தத் தாள் இல்லாவிட்டாலும் போகிறேன்" என்றேன். அட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது என்பது வேறு விஷயம்.

5

விமான நிலையத்திலிருந்து கிண்டி, சைதாப்பேட்டை, அடையாறு என்று கார் வர வர, மார்க்கெட் வாசலில் நின்று அம்மா கையசைப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணி லூர்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அண்ணிக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்மாவுக்குப் பிறகு அந்தக் குண்டான் அண்ணியின் தலைக்கு மாறிவிட்டது.

"கடைசியா படுத்துக் கெடந்தப்ப, நான் வரலயேன்னு அம்மா எதனா சொல்லிச்சா அண்ணி?"

"ஒண்ணியும் சொல்லல. 'அவுளுக்குப் பேப்பரு வரல, இன்னா பண்ணுவா'ன்னுச்சு. இந்த வூட்டு பேப்பருக்கு அது எத்தினி வருசம் ஆபீசு ஆபீசா அலைஞ்சிச்சி, அதுக்குத் தெரியாதா?"

எங்கள் குடிசை எரிந்த பிறகு இந்த அடுக்குமாடி வீட்டுக்காக அம்மா அலைந்தது எனக்கும் நினைவிருக்கிறது. இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை அன்று அண்ணி முன்னால் அழுது தீர்த்தேன்.

சாப்பிடும்போது நீச்சல் கற்றதைச் சொன்னேன். கடலில் ஒருமுறை நீந்த வேண்டும் என்றேன். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இன்னா வெளையாட்றியா? இது உன் கொளம் கெடயாது. கரையில அலை வாரிச் சுருட்டிக்கினு போயிடும். வாரத்துக்கு ஒண்ணு போவுது இங்க."

"கரையில வேணாம். உங்க போட்ல, அலைய தாண்டி."

"பொம்பளைங்கள போட்ல ஏத்தறதில்ல. தெரியாதா உனுக்கு? ஊரு இன்னா பேசும்?"

எனக்கு அவர் சொல்வது நியாயம்தான் என்றுகூடத் தோன்றியது. அண்ணிதான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முப்பது வருசமா அந்தப் போட்டு புடிக்கிற மீன நான் விக்கிறேன். அது எங்க போவுது, எப்புடிப் போவுதுன்னு ஒரு நாளு பாத்தது கெடயாது. அவ போறாளோ இல்லியோ, எனுக்குக் காமி."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அண்ணி என்னை தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போனார். புடவையோடு படகில் ஏற முடியாதாம், சுடிதார் வேண்டுமாம். தன் வாழ்நாளில் அவர் சுடிதார் போட்டதில்லை. "அண்ணன் இன்னும் ஒத்துக்கலியே" என்றேன். "ஒத்துக்குவாரு. நீ வாமே" என்றார். கடையில் இருந்த பெண், தென்காசிப் பக்கத்துப் பேச்சு, "பொண்ணுக்காம்மா?" என்று கேட்டாள்.

"எனுக்குத்தான். கடலுக்குப் போவப்போறேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து, "இது சீக்கிரம் காயும்மா" என்றாள்.

அம்மாவின் பூசை சனிக்கிழமை மாலை மாதா கோயிலில் நடந்தது. சாமியார் அம்மாவின் பெயரைச் சொன்னபோது அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோயிலிலிருந்து நடந்து வரும் வழியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, யாரும் தொயிலுக்குப் போவ மாட்டாங்க. காத்தும் இல்ல. அஞ்சரைக்கு ரெடியா இருங்க ரெண்டு பேரும்."

6

கரையில் நான்கைந்து பேர் வலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "இன்னா அருளு, புது ஆளா?" என்றார். படகைத் தள்ள அவர்களே எழுந்து வந்தார்கள்.

முதல் அலை படகின் மூக்கைத் தூக்கியது. அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இரண்டாவது அலை எங்களை முழுக்க நனைத்தது. மூன்றாவதைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று பின்னால் போய்விட்டது. அலைக்கு அந்தப் பக்கம் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. பத்து நிமிடத்தில் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.

என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கழுத்து வரைக்கும் தண்ணீர். கீழே ஒன்றுமில்லை, கால் எதிலும் படவில்லை. அந்த ஏணியின் மூன்றாவது படி ஞாபகம் வந்தது. கை விளிம்பை விட மறுத்தது.

"பயமா கீதுன்னா ஏறிடு ஸ்டெல்லா" என்றார் அண்ணன். அவர் குரலில்தான் பயம் இருந்தது.

விட்டேன்.

உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி இல்லை. கீழேயிருந்து யாரோ உள்ளங்கையை விரித்துத் தூக்குவது போல் இருந்தது. பத்துக் கை போட்டேன், இருபது போட்டேன். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வாயில் உப்பு, கண்ணில் உப்பு. மல்லாந்தேன். வானம் இளஞ்சிவப்பாக இருந்தது. "அம்மா, நனஞ்சிட்டேன்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனுக்கு?"

"ஒரு சின்னப் பொண்ணு. நம்ம ரீனா வயசுதான்."

"நல்லா சொல்லிக் குடுத்துகீது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கைய இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடு" என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சொல்லிவைத்தார்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. படகில் எழுந்து நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தோம் கோயிலின் வெள்ளைக் கோபுரம், ஆற்று முகத்துவாரம், உடைந்த பாலம், வரிசையாக எங்கள் அடுக்குமாடிகள். முப்பது வருடங்களாக அவர் நடந்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தது.

"தோ, அது நம்ம பில்டிங்கு! இம்மாஞ்சின்னதா கீது! மேல செவப்பா இன்னா அது... ஐயோ, என் பொடவ! நேத்து காயப் போட்டத எடுக்கல."

"அது இங்கேர்ந்து நல்லா தெரியும்" என்றார் அண்ணன், கயிற்றைப் பார்த்தபடி. "தெனம் திரும்பி வரும்போது அத்தத்தான் பாப்பேன். மாடியில உன் துணி காயுதுன்னா, நீ எய்ந்துட்டே, மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டேன்னு தெரிஞ்சிக்குவேன். காயலன்னா கொஞ்சம் வேகமா வுடுவேன்."

நின்றிருந்த அண்ணி மெதுவாக உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கத்தரிப்பூ நிறச் சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கடலுக்குள் விட்டார். நான் நீந்தி வந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

7

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருவில் ஒரு காக்காய்கூட இருக்காது. கடைகள் மூடியிருக்கும். காலை எழுந்ததும் அங்கே மணி என்ன என்று கணக்குப் போடுகிறேன். இந்நேரம் வலை காய்ந்துகொண்டிருக்கும், இந்நேரம் அண்ணி மீன் குழம்பு வைத்திருப்பார். ஊரை நினைத்து முன்பும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஏக்கத்தில் எனக்கு அங்கே இடம் இருந்ததில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவளாகவே இருந்தேன். இப்போது அந்தத் தண்ணீரில் நான் இருக்கிறேன். அதனால் இப்போதுதான் கூடுதலாக வலிக்கிறது.

படகிலிருந்து அண்ணன் ஒற்றைக் கையால் எடுத்த வீடியோவை ரீனாவுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள், தண்ணீரில் அப்படி மல்லாந்து கிடப்பதற்குத் தமிழில் என்ன வார்த்தை என்று கேட்டிருந்தாள். மிதப்பது என்று எழுதினேன். அதைச் சொல்லிப் பார்த்துக் குரல் செய்தியாக அனுப்பினாள். 'த'வும் 'ட'வும் குழம்பிக் கிடந்தது. நான் திருத்தவில்லை.

போன வாரம் தலைமைச் செவிலியிடம் சம்பளமில்லாத விடுப்பாக இரண்டு மாதம் கேட்டேன். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கவலையாக விசாரித்தார். இல்லை, என் அண்ணிக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்றேன். என் ஜெர்மனில் ஏதோ பிசகு என்று நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். நாட்காட்டியைத் திருப்பினார். மார்ச்சிலிருந்து கிடைத்திருக்கிறது. அப்போது கடலும் அடங்கியிருக்கும்.

இன்று காலை அண்ணி போன் செய்தார். பின்னால் இன்ஜின் சத்தம். அண்ணனோடு இது நான்காவது ஞாயிறாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்திருக்கிறார்களாம். அவர்கள் வீட்டு ஆண்கள் முதலில் கத்தினார்களாம், பிறகு படகைத் தள்ளிவிட வந்தார்களாம்.

"இடுப்பு வரைக்கும் எறங்கிட்டேன் ஸ்டெல்லா. உங்க அண்ணன் கயித்த வுடவே மாட்டேங்குறாரு, நானும் போட்ட வுட மாட்டேங்குறேன். தண்ணி சும்மா ஜில்லுனு கீது. மார்ச்சுலாம் ரொம்ப தூரம், சீக்கிரம் வாமே. நான் இங்கியே குந்திகினு கீறேன்."